கழற்றி வைத்த சர்வரும் ஹேங் ஆகும் கணினியும்

எக்ஸெல் ஒழுங்காக ஓடுகிறது. பிரவுசரில் குறை இல்லை. ஆனால் ‘சேவ் ஆஸ்’ அழுத்தினால் போதும்: ஜன்னல் லேசாக வெளுத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்து, வட்டம் சுழல ஆரம்பித்துவிடும். இருபது, இருபத்தைந்து விநாடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் சரியாகும். அப்புறம் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் மறுபடி அதே கதை.

இப்படி நடக்கும்போது முதலில் பழி விழுவது ரேம் மேல். அடுத்து ஆன்டிவைரஸ் மேல். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவார்கள். கணினி சட்டென்று துவங்கும், ஆனால் அந்த இருபது விநாடி மட்டும் அப்படியே இருக்கும். பணம் செலவழிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நெட்வொர்க்கில் அண்மையில் ஏதாவது சர்வரை நிறுத்தினார்களா?

‘ஆமாம்’ என்று பதில் வரும் ஆபீஸ்கள் இப்போது நிறைய. விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட்டது. அதையொட்டிப் பல இடங்களில் பழைய பெட்டியை அணைத்துவிட்டு, ஃபைல்களைப் புதிய சர்வருக்கோ கிளவுடுக்கோ மாற்றினார்கள். ஃபைல்களை மாற்றும்போது எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். பழைய சர்வரின் பெயரை எந்தெந்தக் கணினி எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் இருக்காது.

பதில் வராததுதான் சிக்கல்

சர்வர் இல்லாமல் போனதால் மட்டும் கணினி ஹேங் ஆவதில்லை. ‘நான் இல்லை’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லாததால் ஹேங் ஆகிறது. ஒருவருக்குப் போன் செய்கிறீர்கள். ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று குரல் வந்தால் அந்த நொடியே வைத்துவிடுவீர்கள். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால்? இப்போது எடுப்பார், இதோ எடுப்பார் என்று காத்திருப்பீர்கள்.

நெட்வொர்க்கிலும் இதே வேறுபாடு உண்டு. உங்கள் கணினி ஒரு ஃபைல் சர்வரோடு பேச விரும்பினால், அதன் ஐபி முகவரிக்கு ‘பேசலாமா?’ என்று ஒரு சிறிய பாக்கெட்டை அனுப்புகிறது. இதன் பெயர் சின். விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கு இது போய்த் தட்டும் கதவு 445 ஆம் எண் போர்ட். அந்த முகவரியில் ஒரு கணினி உயிரோடு இருந்து, ஃபைல் பகிர்வு மட்டும் இல்லை என்றால், ‘இங்கே அப்படி ஒன்றும் கிடையாது’ என்று ரீசெட் பாக்கெட் திரும்பி வரும். ஓரிரு விநாடியில் பிழைச் செய்தியோடு விஷயம் முடிந்துவிடும். முகவரியில் யாருமே இல்லையென்றால், அல்லது வழியில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டால், எதுவும் திரும்பி வராது.

செத்துப்போன சர்வர், வேலைப்பளுவில் திணறும் சர்வர், வழியில் தொலைந்த பாக்கெட் மூன்றும் உங்கள் கணினியின் பார்வையில் ஒன்றுதான். அதனால் அது நல்லெண்ணத்தோடு மறுபடி முயற்சி செய்கிறது. விண்டோஸில் நெடுங்காலம் இருந்துவந்த கணக்கு இது: முதல் முயற்சிக்குப் பின் 3 விநாடி, அடுத்ததற்குப் பின் 6, அதற்கடுத்து 12. கூட்டினால் 21. மேலே சொன்ன ‘இருபது விநாடி’ வந்த வழி இதுதான். லினக்ஸுக்குப் பொறுமை அதிகம். அதன் இயல்பான அமைப்பு நெடுங்காலம் ஆறு முறை திரும்ப முயன்று, மொத்தம் 127 விநாடி காத்திருப்பதாக இருந்தது.

ஆகவே ஹேங் ஆகும்போது கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். பழுதான டிஸ்க் ஒருமுறை மூன்று விநாடி, ஒருமுறை நாற்பது விநாடி என்று இஷ்டத்துக்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரம் என்றால், எங்கோ ஒரு டைம்அவுட், அதாவது காத்திருப்பின் கெடு, எண்ணப்படுகிறது என்று பொருள். ஒரே வேலைக்குள் இரண்டு மூன்று முறை தட்டினால் 21 என்பது 42 ஆகும், 63 ஆகும். அதோடு ‘வெப்கிளையன்ட்’ என்ற விண்டோஸ் சேவை ஓடிக்கொண்டிருந்தால், ஃபைல் பகிர்வுக் கதவு திறக்காதபோது வெப் வழியாகவும் ஒருமுறை தட்டிப் பார்க்கும். காத்திருப்பு இன்னும் நீளும்.

சரி, ஒரு சர்வருக்காகக் காத்திருப்பதென்றால் ஓரமாக நின்று காத்திருக்கலாமே, முழு ஜன்னலும் ஏன் உறைய வேண்டும்? ஒரு நிரலில் திரையை வரைவதும் மவுஸ் சொடுக்கைக் கவனிப்பதும் ஒரே இழையின் (த்ரெட், அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஓட்டம்) வேலை. அதே இழை ‘அந்த ஃபோல்டர் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டால், பதில் வரும்வரை வரைய ஆள் இல்லை. 5 விநாடிக்கு மேல் ஒரு ஜன்னல் எதையும் காதில் வாங்காவிட்டால் விண்டோஸ் அதை வெளுக்கச் செய்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ பலகையை மாட்டிவிடும். என்னைக் கேட்டால் இது நிரல் எழுதியவரின் சோம்பல். ஆனால் உலகம் முழுக்க ஓடும் நிரல்களை நாம் திருத்த முடியாது. சர்வரின் பெயரைத்தான் நீக்க முடியும்.

இந்த எரிச்சல் புதிதும் அல்ல. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த லெஸ்லி லாம்போர்ட் 1987இல் சக ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பல கணினிகள் சேர்ந்து இயங்கும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்றால் என்ன என்பதற்கு அதில் கிண்டலாக ஒரு விளக்கம் தந்திருந்தார்: இருப்பதே உங்களுக்குத் தெரியாத ஒரு கணினி பழுதானால், உங்கள் கணினியே பயன்படாமல் போகும் ஏற்பாடு. பின்னாளில் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கியவர் அவர்.

உறுதி செய்துகொள்வது எப்படி

மிக எளிய சோதனை, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது. வைஃபை என்றால் அணைப்பது. பிறகு ஹேங் ஆகும் அதே வேலையைச் செய்து பாருங்கள். நெட்வொர்க்கே இல்லாதபோது விண்டோஸ் யாருக்காகவும் காத்திருக்காது, உடனே கைவிரித்துவிடும். கேபிள் இல்லாதபோது வேகமாகவும், கேபிள் இருக்கும்போது மெதுவாகவும் நடந்தால் ரேமையும் டிஸ்கையும் மறந்துவிடலாம்.

அடுத்து, யாரைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹேங் ஆகும் நேரத்தில் ‘நெட்ஸ்டாட்’ கட்டளையை, ஒரு ஹைஃபனைத் தொடர்ந்து ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு ஓட்டுங்கள். வரும் பட்டியலில் ‘சின்-சென்ட்’ நிலையில் ஒரு வரி நிற்கும். கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் ஐபி முகவரி பழைய சர்வருடையதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு சங்கடம் உண்டு. ஃபைல் பகிர்வைக் கவனிப்பது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல். அதனால் எந்த நிரல் கேட்டாலும் அந்த வரியில் செயல் எண் (பிஐடி) 4, அதாவது ‘சிஸ்டம்’ என்றே காட்டும். கேட்டது வேர்டா, எக்ஸ்ப்ளோரரா, பிரின்டர் சேவையா என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் இருக்கும் ‘பிராசஸ் மானிட்டர்’ இலவசமாகக் கிடைக்கிறது. பாதையில் பழைய சர்வரின் பெயர் இருக்கும் வரிகளை மட்டும் காட்டும்படி வடிகட்டிவிட்டு, ஹேங் ஆக விடுங்கள். ‘பேட் நெட்வொர்க் பாத்’ என்ற முடிவோடு வரும் வரிகளில் நிரலின் பெயர், தேடிய ஃபைலின் முழுப் பாதை இரண்டும் இருக்கும். அரை மணி நேரம் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இது நல்லது.

பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள்

முதலில் பார்க்க வேண்டியது மேப் செய்த டிரைவ், அதாவது சர்வரில் உள்ள ஃபோல்டரை உங்கள் கணினியின் டிரைவ்போலக் காட்டும் இணைப்பு. ‘திஸ் பிசி’யில் சிவப்புக் குறியோடு நிற்கும் எக்ஸ், ஒய், இசட் போன்ற டிரைவ்கள் இவை. ‘நெட் யூஸ்’ என்று தட்டினால் பட்டியல் வரும். பழைய சர்வருடையதை வலது சொடுக்கி ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

மறுநாள் காலையில் அதே டிரைவ் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தால் குழம்ப வேண்டாம். எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் உள்ள நெட்வொர்க்கில், அங்கிருந்து வரும் அமைப்புகளான குரூப் பாலிசியோ, லாகின் ஸ்கிரிப்ட்டோ ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அதைப் புதிதாக மாட்டிவிடுகிறது. உங்கள் கணினியில் எத்தனை தடவை நீக்கினாலும் பயன் இல்லை. நெட்வொர்க்கை நிர்வகிப்பவர் குரூப் பாலிசியில் ‘டிரைவ் மேப்ஸ்’ பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும். அங்கே அந்த வரியை அழித்துவிடுவது மட்டும் போதாது; ஏற்கெனவே மாட்டிய டிரைவ் கணினிகளில் தங்கிவிடலாம். செயலை ‘டெலீட்’ என்று மாற்றிச் சில வாரம் விட்டுவைத்தால், ஒவ்வொரு கணினியிலும் அதுவே தேடிப் போய்க் கழற்றிவிடும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போது மட்டும் ஹேங் ஆனால் சந்தேகம் ‘குயிக் ஆக்சஸ்’ மேல். அண்மையில் திறந்த ஃபைல்கள், பின் செய்த ஃபோல்டர்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘பிரைவசி’ பகுதியில் உள்ள ‘கிளியர்’ பொத்தான் அண்மைப் பட்டியலைத் துடைத்துவிடும். பின் செய்தவற்றை மட்டும் கையால் அன்பின் செய்ய வேண்டும். டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஷார்ட்கட்டுகளையும் பாருங்கள். திறக்காத ஷார்ட்கட்கூட வேலையைக் காட்டும்: அதன் ஐகான் பழைய சர்வரில் இருந்தால், டெஸ்க்டாப்பை வரையும்போதெல்லாம் விண்டோஸ் அங்கே தேடிப் போகும்.

‘பிரின்ட்’ அழுத்தியதும் உறைந்தால் பழைய சர்வர் வழியாகப் பகிர்ந்த பிரின்டர் பட்டியலில் இருக்கிறது. அதுவே டீஃபால்ட் பிரின்டராகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நீக்கிவிட்டு, பிரின்டரைப் புதிய சர்வர் வழியாகவோ நேரடி ஐபியிலோ மறுபடி சேருங்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது வேர்ட். ஒரு குறிப்பிட்ட ஆவணத்தைத் திறந்தால் மட்டும் ஹேங், மற்றவை சட்டென்று திறக்கின்றன என்றால், அந்த ஆவணத்துக்குள்ளேயே பழைய சர்வரின் பெயர் இருக்கிறது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட் டெம்ப்ளேட்டைச் சர்வரில் வைத்து, அதிலிருந்து கடிதம் தயாரித்தால், ‘என் டெம்ப்ளேட் இன்ன பாதையில் இருக்கிறது’ என்று ஒவ்வொரு கடிதமும் தனக்குள் குறித்துக்கொள்ளும். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் வேர்ட் கடமை தவறாமல் அந்தப் பாதைக்குப் போய்த் தட்டும். வேறொரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சலில் வந்த ஆவணமும் இப்படிச் செய்யும். உங்கள் நெட்வொர்க்கில் என்றுமே இல்லாத, அவர்களுடைய சர்வரைத் தேடும். ‘டெவலப்பர்’ தாவலில் ‘டாக்குமென்ட் டெம்ப்ளேட்’ என்ற பொத்தானை அழுத்தினால் பாதை தெரியும். அதை மாற்றி வேர்டின் இயல்பான ‘நார்மல்’ டெம்ப்ளேட்டைக் கொடுத்துச் சேமித்தால் அந்த ஆவணம் விடுபடும். இப்படி ஆயிரம் கடிதங்கள் இருந்தால்? டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். டெம்ப்ளேட் பாதை அதற்குள் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பில் வெறும் எழுத்தாக இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாம். நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான்.

எக்ஸெலில் இதற்கு இணையானது இன்னொரு ஒர்க்புக்கை இழுக்கும் சூத்திரம். ‘டேட்டா’ தாவலில் ‘எடிட் லிங்க்ஸ்’ (புதிய பதிப்புகளில் ‘ஒர்க்புக் லிங்க்ஸ்’) போய் மூலத்தை மாற்றலாம். டேலி மாதிரிக் கணக்கு மென்பொருள்கள் டேட்டா இருக்கும் பாதையைத் தம் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அங்கேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அரிதாக, நிரல்களை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும், விண்டோஸின் ‘பாத்’ என்னும் சூழல் மாறியில் பழைய சர்வர் ஃபோல்டர் ஒன்று சேர்ந்திருக்கும். அப்படி இருந்தால் சம்பந்தமே இல்லாத நிரல்கள்கூட ஆங்காங்கே இழுக்கும். கண்டுபிடிக்கக் கடினமான வகை இதுதான். பிராசஸ் மானிட்டர் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

‘மை டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரே பழைய சர்வருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் அவசரப்பட்டு எதையும் நீக்காதீர்கள். ‘ஆஃப்லைன் ஃபைல்ஸ்’ வசதி இயங்கியிருந்தால், சர்வருக்குப் போய்ச் சேராத மாற்றங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுங்கள். ஃபோல்டரின் இடத்தை மாற்றுவதெல்லாம் பிறகு.

தற்காலிகத் தீர்வும் ஒரு எச்சரிக்கையும்

எல்லா இடத்தையும் தேட நேரமில்லை, இன்றே வேலை நடக்க வேண்டும் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. கணினிப் பெயர்களுக்கு ஐபி முகவரியை நாமே எழுதி வைக்கும், விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய சர்வரின் பெயருக்கு நேராக 127.0.0.1 என்று எழுதலாம். அது அந்தக் கணினியின் சொந்த முகவரி. கேள்வி வெளியே போகாது. உள்ளேயே உடனடியாக மறுப்பு கிடைக்கும். காத்திருப்பு போய்விடும், பிழைச் செய்தி வரும். ஆனால் பாதையில் பெயருக்குப் பதில் ஐபி எண்ணையே எழுதி வைத்திருந்தால் இது உதவாது. அப்புறம் இதை எங்காவது குறித்து வையுங்கள். என்றாவது அதே பெயரில் புதிய சர்வர் வைத்தால், இந்த ஒரு கணினி மட்டும் ஏன் போய்ச் சேரவில்லை என்று யாரோ தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் பழைய பெயரை நீக்கிவிட்டாலே போதாதா? ஓரளவு போதும். முகவரியே கிடைக்காததால் 21 விநாடிக் காத்திருப்பு இருக்காது. ஆனால் டிஎன்எஸ் ‘தெரியாது’ என்று சொன்ன பிறகு, விண்டோஸ் எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் என்ற பழைய முறைகளில் பக்கத்துக் கணினிகள் எல்லாவற்றிடமும் ‘இந்தப் பெயர் யாருடையது?’ என்று கூவிக் கேட்கும். ஆபத்து இங்கேதான். நெட்வொர்க்குக்குள் நுழைந்த திருடன் ஒருவன் ‘அது நான்தான்’ என்று பதில் சொன்னால், உங்கள் கணினி நம்பி அவனிடம் லாகின் செய்யப் பார்க்கும். கடவுச்சொல் அப்படியே போகாது. ஆனால் அதிலிருந்து கணக்கிட்ட பதில் போகும். பலவீனமான கடவுச்சொல் என்றால் அதை வைத்தே உடைத்துவிடலாம். இதற்கென்றே ஆயத்தக் கருவிகள் உண்டு. பழைய பெயரை ஓயாமல் தேடும் கணினி இருக்கும் நெட்வொர்க் அவனுக்கு மிகவும் வசதி, ஏனென்றால் அவன் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஹேங்கைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட இந்த ஒரு காரணத்துக்காகப் பெயரைத் தேடி நீக்க வேண்டும். முடிந்தால் எல்எல்எம்என்ஆரைக் குரூப் பாலிசியில் அணைத்தும் வைக்கலாம்.

லினக்ஸில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறையில் மவுன்ட் செய்த (இணைத்த) சர்வர் போய்விட்டால், டிஸ்க் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை பாதியில் நின்றுவிடும், செயல்கள் ‘டி’ நிலையில் தூங்கும். இயல்பான ‘ஹார்டு’ மவுன்ட் என்பது சர்வர் வரும்வரை முடிவில்லாமல் காத்திருக்கும் ஏற்பாடு. டைம்அவுட்டே கிடையாது. ‘யூமவுன்ட்’டைச் சிறிய ‘எல்’ குறியோடு ஓட்டினால் மவுன்ட் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். மவுன்ட்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பிலிருந்து அந்த வரியையும் எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் மீண்டும் மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கைவிட்டுப் பிழை சொல்லும் ‘சாஃப்ட்’ மவுன்ட்டுக்கு மாறச் சொல்வார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது டேட்டா சிதையலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

அடுத்த சர்வரை நிறுத்துவதற்கு முன்

ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திறந்து, ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ கீழே ‘செஷன்ஸ்’ பாருங்கள். யார் யார் இன்னும் வந்து போகிறார்கள் என்று பெயரோடு காட்டும். ஃபைல்களை மாற்றிய பிறகும் அங்கே ஆட்கள் வந்தால், அந்தக் கணினிகளில்தான் வேலை பாக்கி.

பிறகு சர்வரை உடனே எடைக்குப் போடாமல், நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது சிஸ்டம் நிர்வாகிகளின் பழைய வழக்கம். ஒரு வாரம் போதாது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் சம்பளப் பட்டியல், மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஜிஎஸ்டி அறிக்கை என்று சில வேலைகள் உறங்கிக் கிடக்கும். குறைந்தது ஒரு மாதக் கடைசியையாவது தாண்டவிட வேண்டும்; மார்ச் கடைசியையும் தாண்டிவிட்டால் நிம்மதி.

புதிய சர்வரைக் கணினிகளில் இணைக்கும்போது அதன் சொந்தப் பெயரைக் கொடுக்காமல், ‘ஃபைல்கள்’ என்பதுபோல ஒரு பொதுப் பெயரை டிஎன்எஸ்ஸில் மாற்றுப்பெயராக உருவாக்கி, எல்லாப் பாதைகளையும் அதன் வழியே எழுதுங்கள். சர்வர் பெயர் இல்லாத பொதுப் பாதைகளைத் தரும் விண்டோஸ் வசதியான டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ் அமைக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை பெட்டி மாறும்போது கணினி கணினியாக அலைய வேண்டியிருக்காது. மாற்றுப்பெயர் வைப்பவர்கள் டிஎன்எஸ்ஸோடு நின்றுவிடாமல், ‘நெட்டாம்’ கட்டளை மூலம் சர்வரிடமும் அந்தப் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் சில கணினிகளில் லாகின் சிக்கல் வரும்.